மூன்று கியரும் நான்கு கியரும்

பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்து எரிந்த நீலப் புகைக்குக் கொஞ்சம் தித்திப்பான ஒரு வாடை உண்டு. காலை ஏழு மணிக்கு, காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் மீன் வாடையையும் தெருக்கோடிச் சாக்கடையையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு அந்தப் புகை எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வரும். நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன். முதலில் வருவது பக்கத்து வீட்டுப் புகை. ராயப்பன் மாமாவின் லாம்ப்ரெட்டா ஒரே உதையில் கிளம்பிவிடும். அதற்குப் பிறகுதான் எங்கள் வெஸ்பா. நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா அதை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, பத்து எண்ணிவிட்டு, நிமிர்த்தி உதைப்பார். மூன்றாவது உதையில் கிளம்பிவிட்டால் எனக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லாம் நன்றாக நடக்கும். ஐந்தைத் தாண்டிவிட்டால் பக்கத்து வீட்டுப் பிலோமினாவின் முகத்தைப் பார்க்கவே பிடிக்காது.

அது எழுபதுகளின் தொடக்கம். நான் பத்து வயதுப் பெண். ராயபுரத்தில், கடற்கரைக்குப் போகும் ஒரு சந்தில், நடுவே ஒற்றைச் சுவரைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு ஓட்டு வீடுகளில் எங்கள் இரண்டு குடும்பங்களும் இருந்தன. நைனா அந்தோணிக்குத் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர் வேலை. ராயப்பன் மாமாவுக்கு ரயில்வே பட்டறையில் அதே ஃபிட்டர் வேலை. இருவரும் சிறு வயதிலிருந்தே சிநேகிதர்கள், ஒரே கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூசை பார்ப்பவர்கள். பிலோமினா மாமாவின் ஒரே மகள். என் வயது, என் வகுப்பு. அவள் என்னை 'லூர்து' என்பாள், நான் அவளை 'பிலோ' என்பேன். எங்களுக்குள் சண்டை என்று ஒரு நாளும் வந்ததில்லை. அவளுக்கு என்மேல் எந்த வருத்தமும் கிடையாது. பொறாமை முழுவதும் என் பக்கம்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் புது ஸ்கூட்டர் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே இரண்டு வீட்டிலும் வந்தது பழைய வண்டிதான். முதலில் வந்தது எங்களுடையது. சாம்பலில் கொஞ்சம் பச்சை கலந்த நிறம், உருண்டையான பின்பக்கம், சின்னச் சக்கரங்கள். ஆறு மாதம் எங்கள் சந்தில் அது ஒன்றே ஸ்கூட்டராக இருந்தது. அந்த ஆறு மாதம் நான் நடந்த நடையே வேறு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நைனாவின் கைகளுக்கு நடுவில் முன்னால் நின்றுகொண்டு போவேன். பிலோ தன் அம்மாவோடு நடந்து வருவாள். நான் கையாட்டுவேன், அவளும் சிரித்துக் கையாட்டுவாள். ஆறு மாதம் முடிந்து ஒரு சாயங்காலம், வெளிர் நீலமும் பால் வெள்ளையுமாக இரட்டை நிறத்தில், எங்களுடையதைவிட ஒரு முழம் நீளமாகத் தோன்றிய லாம்ப்ரெட்டா சந்துக்குள் வந்து நின்றது. அம்மா வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "கலர் நல்லாதான் கீது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனார். அவர் அன்று ஊதிய ஊதலில் சாம்பல் கூரைவரை பறந்தது.

மறுநாள் இடைவேளையில் பிலோ வேர்க்கடலை உருண்டையை எனக்குப் பாதி கடித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "எங்க வண்டில நாலு கீரு லூர்து. உங்குள்துல மூணுதான?"

அவள் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் மீதி உருண்டையை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்த நோட்டு. கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்து, நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் 'எங்குள்து', வலப்பக்கம் 'அவங்குள்து' என்று எழுதினேன். யாரிடமும் கேட்டு எழுதும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் நைனாவும் மாமாவும் வாசலில் வண்டியைத் துடைக்கும்போது பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டுமே நூற்றைம்பது சி.சி. என்று பெயர், ஆகவே எஞ்சினில் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தபோது ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அடுத்த நாளே சக்கரத்தில் அடி விழுந்தது: அவர்களுடையது பத்து அங்குலம், எங்களுடையது எட்டு. மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் தண்ணீரில் அந்த இரண்டு அங்குலம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவர்கள் வண்டியில் எஞ்சின் நட்டநடுவில் இருப்பதால் வண்டி நேராக நிற்கும். எங்களுடையதில் எஞ்சின் வலது பக்கத்து உருண்டைக்குள் இருப்பதால் எப்போதும் யாரோ ஒருவர் தோளில் கை போட்டதுபோல அந்தப் பக்கம் ஒரு பாரம். வளையும்போது எங்கள் வண்டியின் மட்கார்டு சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும். லாம்ப்ரெட்டாவில் மட்கார்டு அசையாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே சக்கரம் மட்டும் திரும்பும். அதில் ஒரு பெரிய மனுஷத் தோரணை இருந்தது. அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் எழுதாமலே விட்டேன்.

எங்கள் பக்கம் எழுத ஒன்று கிடைத்தது. அது சங்கிலி. லாம்ப்ரெட்டாவில் எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு உள்ளே ஒரு சங்கிலி ஓடுகிறது. வெஸ்பாவில் சங்கிலியே கிடையாது. எஞ்சின் பக்கத்தில் சக்கரம், அவ்வளவுதான். நைனா இதைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லுவார்.

"இன்னா அந்தோணி, உன் ஆமை இன்னிக்குப் பாலம் ஏறிச்சா?" என்று மாமா டீக்கடையிலிருந்தே ஆரம்பிப்பார்.

"அது ஏறிச்சு மாமு. உன் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெ வுட்டியா?"

"சங்கிலி உள்ளயே எண்ணெல குளிச்சினு கீதுடா. உன் வண்டிய சாய்ச்சி சாய்ச்சி, இன்னும் கொஞ்ச நாள்ல நீயே ஒரு பக்கமா சாஞ்சிப் பூடுவ."

"மூணு கீருல போற எடத்துக்கு உனுக்கு நாலு கீரு வேண்டியிருக்குதே, அதச் சொல்லு."

கேட்பவர்கள் சிரிப்பார்கள், இவர்கள் இருவரும் அதைவிட அதிகம் சிரிப்பார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. ராயபுரம் பாலத்தின் ஏற்றத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நின்று, இரண்டு வண்டியும் வேலை முடிந்து ஏறுவதைப் பார்த்து, மனதுக்குள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். எங்கள் வெஸ்பா பாதியில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்; அந்த மாற்றத்தில் ஒரு முறை தொண்டையைக் கனைக்கும். லாம்ப்ரெட்டா மூன்றாவதிலேயே முனகாமல் ஏறிவிடும். எங்களுக்கு நாற்பத்தொன்று, அவர்களுக்கு முப்பத்து நான்கு. நோட்டில் எங்களுக்கு முப்பத்தாறு என்று எழுதினேன். நோட்டில் பொய் எழுதியது அது ஒன்றுதான். அந்தப் பொய்யிலும் அவர்களுக்குச் சமமாக முப்பத்து நான்கு என்று எழுத மனம் வரவில்லை.

அம்மாவுக்கு என் கண் போகும் திசை தெரிந்துவிட்டது. "பக்கத்து வூட்டு வண்டியத் தொட்டுக்கினே சோறு துன்றியே, கொழம்பு வேணாமா?" என்பார்.

அந்த வருடம் கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது விஷயம் வேறு மாதிரி ஆனது. எங்கள் கோயிலில் திருவிழா கொடியேற்றத்தோடு தொடங்கும். மடித்த கொடியை ஒரு தட்டில் வைத்து, மேளத்தோடு கடற்கரைத் தெருக்கள் எல்லாம் சுற்றி, கோயிலுக்குக் கொண்டுவந்து கம்பத்தில் ஏற்றுவார்கள். கொடித்தட்டு எப்போதும் ஒரு மண்டிக்காரரின் திறந்த ஜீப்பில் வரும். அந்த வருடம் ஜீப் பழுதாகிப் பட்டறையில் கிடந்தது. ஸ்கூட்டரில் கொண்டுபோகலாம், ஓட்டுகிறவரின் பிள்ளை முன்னால் நின்று தட்டைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று கோயில் உபதேசியார் சொன்னார். அவர்தான் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர், திருவிழா ஏற்பாடுகளும் அவர் கையில்தான். ஆனால் எந்த ஸ்கூட்டர்? கொடி வரும் வண்டி வழியில் நின்றுவிட்டால் அந்த வருடம் முழுக்க மீன்பிடிக்குப் போகிறவர்களுக்கு மனம் சரியாக இருக்காது. நிற்காமல் ஓடுவது எதுவோ அதுவே போகட்டும் என்று முடிவானது.

நிற்காமல் ஓடுவது எது என்பதற்கு டீக்கடையில் வழி கண்டுபிடித்தார்கள். சனிக்கிழமை காலையில் இரண்டு வண்டியின் பெட்ரோலையும் கோயில் வாசலில் சொட்டு விடாமல் இறக்கிவிடுவது. எண்ணெய் கலந்த பெட்ரோல் அரை லிட்டர் ஆளுக்கு ஒரு சீசா. கடலோரச் சாலையில் எண்ணூர்வரை போய்த் திரும்புவது. பெட்ரோல் தீர்ந்து வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே குறித்துக்கொள்வது. எண்ணூரைத் தொட்டுத் திரும்பி, கோயிலுக்கு அதிகப் பக்கத்தில் வந்து நிற்கிற வண்டிக்குக் கொடி. நைனாவின் பின்னால் ரயில்வே ஆள் ஒருவர், மாமாவின் பின்னால் துறைமுக ஆள் ஒருவர், சாட்சிக்கு. திரும்பி வருவதற்குத் தனியாக ஒரு டப்பா பெட்ரோல் அவர்கள் மடியில்.

பிலோ, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய அன்று போட்டிருந்த தன் புதுநன்மைக் கவுனை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள். ஜெயித்தால் போட்டுக்கொள்ளத்தான். முற்றத்து நடுச்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்; துணிக்கொடியில் அது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. என் கவுன் எனக்குச் சின்னதாகிவிட்டிருந்தது, ஆனால் மடிப்பைப் பிரித்துவிட்டால் சரியாக இருக்கும் என்று அம்மா சொன்னார். அந்த ஒரு வாரமும் எனக்குத் தூக்கத்தில்கூட நான் முன்னால் நிற்பதுதான் தெரிந்தது: வெள்ளைக் கவுன், கையில் தட்டு, தெருவெல்லாம் ஜனங்கள், அவர்களுக்குள் எங்கேயோ பிலோ, கையாட்டிக்கொண்டு.

என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதைப் பார்த்தவர் யாரும் எங்கள் வண்டி ஜெயிக்கும் என்று சொல்லமாட்டார்கள்.

எங்கள் வீட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கண்ணாடிச் சீசாவில் வேளாங்கண்ணித் தீர்த்தம் இருந்தது. அம்மா எதற்கும் அதைத்தான் தெளிப்பார்: காய்ச்சலுக்கு, பரீட்சைக்கு, வீட்டுக்கு வந்த புது அடுப்புக்கு. வெஸ்பா வந்த அன்றைக்கும் அதன் விளக்கின் மேல் தெளித்திருந்தார். நான் யோசித்தேன்: தீர்த்தம் வண்டியின் மேலே பட்டதே தவிர உள்ளே போகவில்லை. ஐந்து உதை உதைக்க வேண்டியிருப்பது அதனால்தான். காய்ச்சல் வந்தவர்களுக்கு அம்மா அதை நெற்றியில் தடவுவதோடு நிற்பதில்லையே, ஒரு வாய் குடிக்கவும் கொடுக்கிறாரே.

சனிக்கிழமை காலை கோயில் வாசலில் நல்ல கூட்டம். ரப்பர் குழாய் வைத்து இரண்டு வண்டியின் பெட்ரோலையும் இறக்கினார்கள். நைனாதான் பங்க்கிலிருந்து கலந்த பெட்ரோல் வாங்கி வந்திருந்தார். இரண்டு பழுப்பு நிற டானிக் சீசாக்கள், ஒன்றை வெஸ்பாவின் கால்பலகையிலும் மற்றதை லாம்ப்ரெட்டாவின் கால்பலகையிலும் வைத்துவிட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனார். எல்லோரும் குழாயில் சொட்டுகிற கடைசிச் சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எங்கள் சீசாவின் தக்கையைத் திறந்தேன். நாலு சொட்டுத் தீர்த்தம் விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இடுப்பில் செருகிக் கொண்டுவந்திருந்த தீர்த்தச் சீசாவைக் கையில் எடுத்த பிறகு, நாலு சொட்டு எண்ணூர்வரை போதுமா என்று சந்தேகம் வந்தது. தீர்த்தம் முழுவதையும் கவிழ்த்துவிட்டு, ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லி, தக்கையை மூடினேன்.

நைனா வந்தார். இரண்டு சீசாக்களையும் இரண்டு கைகளில் எடுத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அவர் புருவம் சுருங்கியது.

"ராயப்பா, எங்குள்துல ஒரு விரக்கடை ஜாஸ்தி கீது. பங்க்காரன் கை அப்புடி. அப்பறம் பேச்சு வரும். நீ இத எடுத்துக்க, நான் அத எடுத்துக்கறேன்."

"அட, எதுனா ஒண்ணு குடு மாமு."

"வேணாம், எடுத்துக்க."

எல்லோர் கண்ணெதிரிலும் சீசா கை மாறியது. என் தீர்த்தம் லாம்ப்ரெட்டாவுக்குள் போனது. வாயைத் திறந்து சொல்ல எனக்கு அரை நிமிடம் இருந்தது, சொல்லவில்லை. சுற்றிலும் அத்தனை பேர். அதோடு, சொன்னால் என்ன சொல்வது? இப்போது மாதா அவர்கள் வண்டிக்குத் துணை போய்விட்டாள், நாங்கள் தோற்றோம் என்பது ஒன்றே எனக்கு அப்போது தெரிந்தது. வண்டிகள் இரண்டும் புறப்பட்டுப் போனபோது நான் கோயில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன். பிலோ வந்து என் தோளைத் தொட்டு, "உங்குள்து கூட ஜெயிக்கும் லூர்து, அழாதே" என்றாள். அவள் கையைத் தட்டிவிட்டேன்.

முக்கால் மணி நேரத்தில் லாம்ப்ரெட்டா வந்தது. ஓடி வரவில்லை, ராயப்பன் மாமாவும் துறைமுக ஆளும் வேர்க்க வேர்க்கத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் இருமி இருமி நின்றுவிட்டதாம்; டப்பாப் பெட்ரோல் ஊற்றியும் கிளம்பவில்லையாம். என் நெஞ்சுக்குள் பட்டாசு வெடித்தது. வண்டி மாறினாலும் மாதாவுக்கு ஆள் தெரியும், நான் யாருக்கு என்று ஊற்றினேனோ அவர்களுக்குத்தான் அவள் செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். பிலோவின் முகத்தைத் தேடிப் பார்த்தேன். அது சிறுத்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை.

ராயப்பன் மாமா வண்டியைச் சாய்த்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திருகி எடுத்தார். உள்ளங்கையில் கவிழ்த்தார். பெட்ரோல் வழிந்து ஓடிய பிறகும் அவர் உள்ளங்கைக் குழியில் கண்ணாடி மணிகள்போலச் சில துளிகள் உருண்டு நின்றன.

"தண்ணி" என்றார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், "அதான் பெரிய மனுஷன் மாதிரி சீசாவ மாத்திக் குட்த்தானா?" என்றது. இன்னொருவர், "வாங்கியாந்ததும் அவருதான?" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: அந்த மணிகள் வேளாங்கண்ணியிலிருந்து வந்தவை.

நைனா இன்னும் ஒரு மணி நேரம் கழித்து, டப்பாப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு, தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். எண்ணூர் போய்த் திரும்பித் திருவொற்றியூர் தேரடிவரை வந்திருந்தது எங்கள் வெஸ்பா. பின்னால் உட்கார்ந்திருந்த ரயில்வே ஆளே, "நல்லா இழுத்திச்சு, பொய் சொல்லக் கூடாது" என்றார். நைனா சிரித்துக்கொண்டே காலை ஊன்றினார். யாரும் சிரிக்கவில்லை. மாமா தன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நைனாவின் முன்னால் வந்து நின்றார்.

"கேட்டிருந்தா கொடிய நானே உனுக்கு வுட்டுக் குட்த்திருப்பேனேடா அந்தோணி."

நைனாவுக்கு விஷயத்தை யாரோ சொன்னார்கள். அவர் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். "நான் ஊத்தல ராயப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு வண்டியைக் கிளப்பாமல், வீடுவரை தள்ளிக்கொண்டே போனார்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. அம்மா நடுச்சுவரைப் பார்த்துக் கத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அது அம்மாவை இன்னும் கத்த வைத்தது. சாயங்காலம், திருவிழாவுக்கு முந்தின நாள் என்பதால் பிள்ளைகள் எல்லோரும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டும். மரச் சட்டத்தின் பின்னால் சாமியாரின் காது மட்டும் தெரிந்தது. வழக்கமாகச் சொல்லும் பாவங்களை எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில், "பெட்ரோல்ல தீர்த்தம் ஊத்திட்டேன் சாமி" என்றேன்.

சாமியார் தெற்கத்திக்காரர், நிதானமாகப் பேசுவார். "யாருடைய பெட்ரோல்ல?" என்று கேட்டார்.

"எங்குள்துல சாமி. ஆனா அது அவங்களுக்குப் பூட்சி."

இருமல்போல ஒரு சத்தம் வந்தது. பிறகு, "ஊத்தினது விவரமில்லாத காரியம். சொல்லாம இருக்கிறதுதான் பாவம். உனக்கு நான் ஜெபம் ஒண்ணும் பரிகாரமாத் தரப் போறதில்லை. நேரா வீட்டுக்குப் போயி உங்க அப்பாகிட்ட சொல்லு" என்றார். ஐம்பது மணி ஜெபம் சொல்லச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

நைனா முற்றத்தில் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் வண்டியின் விளக்கைப் பார்த்துச் சொன்னேன்.

"எவ்ளோ ஊத்தின?" என்று கேட்டார்.

"சீசா முழுக்க, நைனா."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுதாரா சிரித்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து, பத்து அடி தூரத்தில் இருந்த பக்கத்து வீட்டு வாசலுக்கு அழைத்துப் போனார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பத்து அடி தாங்கவில்லை.

"ராயப்பா, தண்ணி ஊத்தினது இவ. உனுக்குன்னு ஊத்தல. என் வண்டி ஜெயிக்கணும்னு எனக்குன்னு ஊத்தினா. வேளாங்கண்ணித் தீர்த்தம்."

உள்ளேயிருந்து மாமாவின் மனைவி, "மாதாவே, தீர்த்தத்தையா?" என்று சிலுவை போட்டுக்கொண்டார். மாமா என்னைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், வாசலில் பிரித்துப்போட்டிருந்த லாம்ப்ரெட்டாவைப் பார்த்தார். முதலில் மூக்கில் ஆரம்பித்த சிரிப்பு வயிற்றுக்குப் போய், அவர் வாசற்படியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அடிப்பாவி! என் வண்டிக்கு ஞானஸ்நானம் குட்த்துட்டியே! பேரு இன்னாடி வெச்ச?"

சிரித்து முடித்ததும் அவர் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தினி பேர் முன்னால ஒரு வார்த்த வுட்டுட்டேன் அந்தோணி."

"வுடு மாமு. நானா இருந்தா ரெண்டு வார்த்த வுட்டிருப்பேன்."

உபதேசியாரும் வந்தார். மறுநாள் சாயங்காலம் கொடி, மறுபடி ஓட்டிப் பார்க்க நேரமில்லை. தேரடிவரை ஓடிய வண்டி ஓடியதுதான், அதுவே போகட்டும் என்று மாமாவே சொன்னார். என் மனம் வெட்கம் இல்லாமல் ஒரு துள்ளுத் துள்ளியது. நைனா என் கையை விட்டார்.

"வண்டி எங்குள்து போவட்டும். முன்னால கொடி புட்சினு நிக்கறது பிலோ. லூர்து நடந்து வருவா."

மறுநாள் அப்படியே நடந்தது. மேளம் முன்னால், அதன் பின்னால் எங்கள் வெஸ்பா, நைனாவின் கைகளுக்கு நடுவில் என் இடத்தில் வெள்ளைக் கவுனில் பிலோ, அவள் கையில் தட்டு, தட்டில் கொடி. ஜனங்கள் தெருவின் இரண்டு பக்கமும் நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் வண்டிக்குப் பின்னால், புகைக்குள், மாமாவோடு நடந்தேன். முதல் கியரில், நடக்கிற வேகத்தில், எஞ்சின் சூடேறச் சூடேற அது போய்க்கொண்டிருந்தது. அப்படிப் போவது ஸ்கூட்டருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரமாக அது நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவள், அந்த ஒன்றரை மணி நேரமும் அது நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தேன். ஒரு முறையாவது கனைக்கட்டும், நைனா அதைச் சாய்த்துப் பிடிக்கட்டும், பிலோ இறங்கி நிற்கட்டும். எங்கள் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. கோயில் வாசல்வரை ஒரு தடவைகூட இருமாமல் போய்ச் சேர்ந்தது. அதைவிட நன்றாக அது ஒரு நாளும் ஓடியதில்லை.

நோட்டில் அதை நான் எழுதவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே எழுதவில்லை.

இப்போது அந்தச் சந்து இருக்கிறது; எங்கள் இரண்டு ஓட்டு வீடுகளும் நடுச்சுவரும் இல்லை, நான்கு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. நைனாவும் மாமாவும் ஓடிய கடலோரச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. சாலைக்கும் கடலுக்கும் நடுவில் பல இடங்களில் இருந்த மணலைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது, கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். லாம்ப்ரெட்டா, மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் கை மாறிப் போனது. எங்கள் வெஸ்பா கடைசியில் வாசலிலேயே நின்று துருப்பிடித்து, பழைய இரும்புக்காரரின் தட்டு வண்டியில் ஏறியது. அதை ஏற்றும்போது நைனா வெளியே வரவில்லை. அவரும் போய் வருடங்கள் ஆகின்றன.

பிலோ மகளோடு மணலிப் பக்கம் இருக்கிறாள். விசேஷங்களுக்குப் போவேன். அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது: கொடியேற்றத்தன்று கோயில் புகைப்படக்காரர் எடுத்தது. வெள்ளைக் கவுனில் பிலோ. பின்னால் நைனாவின் முகம், வேர்த்து, சிரித்துக்கொண்டு. கீழே எங்கள் வண்டி, உருண்டையான பின்பக்கமும் சின்னச் சக்கரமுமாக, கொஞ்சமும் சாயாமல் நேராக நிற்கிறது. எங்கள் வீட்டில் அந்த வண்டியின் படம் ஒன்றுகூட இல்லை. நைனா வண்டி ஓட்டுகிற படமும் வேறு எங்கும் கிடையாது. அதில் நான் இல்லை. புகைக்குள் எங்கேயோ இருந்திருப்பேன்.

ஒவ்வொரு முறை போகும்போதும், அந்தப் படத்தைக் கொடு, பிரதி எடுத்துவிட்டுத் தந்துவிடுகிறேன் என்று கேட்கத்தான் நினைத்துப் போகிறேன். கேட்டால், "பிரதி எதுக்கு லூர்து, இதயே எடுத்துனு போ" என்று உடனே கழற்றிக் கொடுத்துவிடுவாள். அவள் அப்படிக் கொடுத்துவிடுவாள் என்று தெரிவதால்தான் இன்றுவரை கேட்க முடியவில்லை.